தொண்டைமான் சீமையும் கும்பினிப் பேரேடுகளும்

அமெரிக்காவின் தொடக்ககால வரலாற்றை எழுதுகிறவர்கள் லண்டனுக்குப் போகிறார்கள். அமெரிக்காவிலிருந்த 13 பிரிட்டிஷ் குடியேற்றங்களின் ஆளுநர்கள் எழுதிய கடிதங்கள் க்யூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. புதுக்கோட்டைக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். தங்களை ஆண்ட தொண்டைமானின் சீமையைப் பற்றிக் கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், எழுதிவைத்த தாள்கள் சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலேயே உள்ளன.

செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னரும் கவுன்சிலும் கூடி, வந்த கடிதங்களைப் படித்து முடிவெடுப்பார்கள். அத்தனையையும் குமாஸ்தாக்கள் ‘கன்சல்டேஷன்’ பேரேட்டில் ஏற்றுவார்கள். மேலே தேதி, அடுத்துக் கூடியவர்களின் பெயர்கள், பிறகு கடிதத்தின் நகல், கடைசியில் தீர்மானம். இன்னொரு பிரதி கப்பலேறும். அது இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவேடுகளில் இருக்கிறது. இங்கே செல்லரித்த பக்கத்தை அங்கே தேடிப் படிக்கலாம்.

பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் பல இடங்கள் தவறிப்போகும். தொண்டைமான் பெயரையே ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். தேதியைப் பிடித்துப் போவதே நல்லது.

கட்டபொம்மன் விஷயத்தில் இது மிக முக்கியம். 1799இல் புதுக்கோட்டைச் சீமையில் அவர் பிடிபட்டார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். தொண்டைமான் காட்டிக்கொடுத்தாரா, வேறு வழியின்றி ஒப்படைத்தாரா என்று இன்றும் வாதாடுகிறோம். அதில் இறங்குமுன், கும்பினிப் படையை நடத்திய மேஜர் பானர்மேனின் கடிதங்களைத் தேதி வரிசையில் படித்துவிட வேண்டும் என்பேன். படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: வென்றவர் தம் மேலிடத்துக்கு எழுதியவை அவை. தூக்கிலிடப்பட்டவரின் தரப்பு அவற்றில் அவர் கையால் வரவில்லை.

நான்கே ஆண்டுகளில், 1803இல், கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த ஊர்களும் தொண்டைமானுக்குக் கிடைத்தன. கும்பினியின் லண்டன் இயக்குநர்கள் அதை உறுதிசெய்தது 1806இல்தான். வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது நிபந்தனை; ஆண்டுக்கொரு யானை திறை. அந்தத் திறையை 1836இல் கைவிட்டார்கள்.

கண்மாய்த் தண்ணீரை யார் பங்கிட்டார்கள், கோயில் நிலத்தை யார் உழுதார்கள் என்பதைப் பற்றிக் கும்பினிக்குப் பெரிய அக்கறை இல்லை. அதற்கு 1929இல் சமஸ்தானமே அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியையும் இனாம் பதிவேடுகளையும் புரட்ட வேண்டும். 1987இல் ‘தி ஹாலோ கிரவுன்’ எழுதிய நிகலஸ் டர்க்ஸ், இனாம் பதிவேடுகளோடு உள்ளூர்க் குடும்ப வரலாறுகளையும் சேர்த்துப் படித்தே இந்தச் சீமையின் அரசியலை விளக்கினார்.