ஊர் கட்டும் கலை – 9
மனைக்கல் ஊன்றும் முன்பு

சென்ற வாரம் சிலி நாட்டின் இக்கிகே நகரில் அலெஹாந்த்ரோ அரவேனா 2004-ல் கட்டிய பாதி வீடுகளைப் பார்த்தோம். ஒரு ஏழைக் குடும்பம் தானாகச் செய்துகொள்ள முடியாத சமையலறை, குளியலறை, மாடிப்படி ஆகியவற்றை அரசுப் பணத்தில் கட்டிக்கொடுத்து, மீதியைக் கட்டிக்கொள்ள இடம் விட்டார்கள். நம் ஊரில் இது நடக்குமா? நடந்திருக்கிறது, அரவேனாவுக்கு ஒரு தலைமுறை முன்பே.

அதற்கு முன், இன்று நடப்பதைப் பார்க்கக் காவேரிப்பாக்கத்திலிருந்து பேச்சைத் தொடங்கலாம். தமிழகத்தின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. பாலாற்று அணைக்கட்டிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுப் போகிறது. ராணிப்பேட்டை சிப்காட்டும் வாலாஜாவும் பக்கம். இப்படி ஓர் ஊரைச் சுற்றி வயல்கள் மனைகளாவது இயல்பு. ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண் சீட்டுப் பணத்தையும் நகைக்கடனையும் சேர்த்து ஒரு மனை வாங்குகிறாள். அவளுக்குக் கிடைப்பது நான்கு மனைக்கற்களும் ஒரு பத்திரமும்தான். கால்வாய் பின்னால் வரும், தெருவிளக்கு பின்னால் வரும் என்பார்கள். பல மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதலே இருந்ததில்லை. 2016 செப்டம்பரில் அத்தகைய மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடுத்த பிறகுதான், 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. பத்திரம் சரியானது, தெரு அப்படியேதான் இருந்தது.

இதே பெங்களூரு சாலையில் கிழக்கே போனால், அது பூந்தமல்லி நெடுஞ்சாலையாகிச் சென்னைக்குள் நுழையும் இடத்தில் அரும்பாக்கம். 1977-ல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மூன்றிலும் வேறு மாதிரி மனை பிரித்தார்கள். முதலில் தெரு, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய். பிறகு மனை. வீடு கட்டுவது குடும்பத்தின் பாடு, அவரவர் வேகத்தில். சின்ன மனைகளை ஏழைகளுக்கு மலிவாகக் கொடுத்தார்கள். பெரிய மனைகளையும் கடை மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்று அந்தப் பாரத்தைத் தாங்கினார்கள். அதனால் ஒரே பகுதியில் கூலித் தொழிலாளியும் குமாஸ்தாவும் வியாபாரியும் குடியேற முடிந்தது. இந்த ஏற்பாட்டைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆரம்பத்தில் மனைகள் காலியாகக் கிடந்தன. திட்டம் தோற்றது என்று கைகழுவி, நாடு அடுக்குமாடிக்குப் போயிற்று. மும்பையிலும் சென்னையிலும் இத்தகைய இடங்களை இருபது ஆண்டு கழித்து ஆராய்ந்தவர்கள் 2018-ல் வெளியிட்ட முடிவு வேறு: வீடுகள் மாடி மாடியாக வளர்ந்திருந்தன, பல வருமானத்தாரும் கலந்து வாழ்ந்தார்கள், பகுதிகள் உயிரோடு இருந்தன. வீடு வளர ஒரு தலைமுறை ஆகும். ஐந்தாண்டில் மதிப்பெண் போட்டது அநியாயம். இடையில் சென்னையை அடுத்த பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்புகளை எழுப்பி, நகரின் நடுவிலிருந்த குடும்பங்களைப் பிழைப்பிலிருந்து வெகுதூரம் கொண்டுபோய் வைத்தோம். அங்கே கூடுதலாக ஓர் அறை கட்டக்கூட வழியில்லை.

கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி இந்தூரில் வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பு இன்னும் ஒரு படி மேல். சுமார் 6,500 மனைகள். சின்ன மனைக்கு 35 சதுர மீட்டர். ஏழைகள் தெருவை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை முதலில் கவனித்தார்கள். பிறகு திண்ணை, நிழல் மரம், வண்டி வேகமெடுக்க முடியாத குறுகிய சந்து என்று வரைந்தார்கள். 1995-ல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இதைச் செய்யப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். வீட்டு வசதி வாரியம் அன்று அரும்பாக்கத்தில் செய்ததை இங்கே செய்யட்டும்: ஷூ கம்பெனித் தொழிலாளர் வாங்கக்கூடிய சின்ன மனைகள், குழாயும் கால்வாயும் போட்ட பிறகே விற்பனை. தனியார் மனைப்பிரிவுக்கு வரைபடம் கேட்கும்போது இரண்டைக் கறாராகப் பார்க்க வேண்டும். ஏரிப் பாசன வயலில் ஓடிய வாய்க்கால் மனைக்கு அடியில் புதையாமல் தெருவோரக் கால்வாயாகத் தொடர்கிறதா? விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏற வரும் பெண்கள் நெடுஞ்சாலை வரை நடக்க, விளக்கும் நடைபாதையும் உள்ள தெரு இருக்கிறதா? இல்லையென்றால் ஒப்புதல் இல்லை என்று சொல்ல அதிகாரிக்குத் துணிவு வேண்டும்.