கடலுக்கடியில் போட்டோ எடுக்கப் போறீங்களா? கேமராவுக்கு முன்னாடி ரெகுலேட்டரைக் கவனிங்க!

அண்டர்வாட்டர் போட்டோகிராஃபி என்றதும் பலரும் முதலில் விசாரிப்பது கேமரா, ஹவுசிங், லைட் ஆகியவற்றின் விலையைத்தான். ஆனால், கரைக்கு வந்து படங்களைப் பார்த்தால், மீன் தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளை வெள்ளையாக நீர்க்குமிழிகள்! அவற்றை விட்டது வேறு யாருமில்லை, படம் எடுத்தவரேதான். அந்தக் குமிழிகள் எந்தப் பக்கம் போகும் என்பது, வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டரைப் பொறுத்தது.

ரெகுலேட்டர் என்ன செய்கிறது?

சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அதை அப்படியே சுவாசிக்க முடியாது. சிலிண்டர் வால்வில் மாட்டும் 'ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்' அந்த அழுத்தத்தை வெகுவாகக் குறைக்கும். வாயில் இருக்கும் 'செகண்ட் ஸ்டேஜ்', அதைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாக்கி, நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும் தரும். விடும் மூச்சு எக்ஸாஸ்ட் வால்வு வழியாக வெளியே போகும். போட்டோ எடுப்பவர்கள் பார்க்க வேண்டியது இந்தக் கடைசி பகுதியைத்தான்.

குமிழி எங்கே போகுது?

பெரும்பாலான மாடல்களில் எக்ஸாஸ்ட், தாடைப் பக்கம் இருக்கும். குமிழிகள் இரண்டாகப் பிரிந்து கன்னங்களின் ஓரமாக மேலே போகும். நேராகப் பார்க்கும்போது இது தொந்தரவில்லை. ஆனால், அண்ணாந்து பார்த்து படம் எடுத்தால் குமிழிகள் முகத்தின் மேலேயே ஏறும். எக்ஸாஸ்ட் குழாய் அகலமாக இருந்தால் குமிழிகள் கொஞ்சம் தள்ளிப் போகும். அதே சமயம், ரெகுலேட்டரும் பெரிதாகிவிடும்.

இதற்கு மாற்று, பக்கவாட்டு எக்ஸாஸ்ட். ஸ்வீடனைச் சேர்ந்த போஸைடன் நிறுவனத்தின் ஜெட்ஸ்ட்ரீம் இந்த வகை. குமிழிகள் எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கிவிடும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே புகும் நீர் வடிய, எக்ஸாஸ்ட் இருக்கும் பக்கம் கீழே இருக்க வேண்டும். தலையை எதிர்ப்பக்கம் சாய்த்தால் வாயில் லேசாக உப்புத் தண்ணீர் வரலாம்.

1943-ல் கூஸ்தோவும் கக்னானும் உருவாக்கிய இரட்டைக் குழாய் 'அக்வாலங்'கில் குமிழிகள் தலைக்குப் பின்னால்தான் வெளியேறின. அதை இன்றும் விரும்பும் போட்டோகிராஃபர்கள் உண்டு. ஆனால் கிடைப்பது அரிது.

மூச்சை அடக்கினால் போதாதா?

கூடவே கூடாது! மூச்சை இழுத்து அடக்கினால் உடல் தானாகவே மேலே எழும். வியூஃபைண்டரிலேயே கண் இருந்தால் அது தெரியாது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் இருக்கும் காற்று, நீர்மட்டத்துக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியும். வெளியேற வழியில்லாவிட்டால் நுரையீரல் கிழியலாம். ரத்தத்தில் காற்று கலந்து மூளையைப் பாதிக்கலாம். நீர்மட்டத்துக்கு அருகில், முழு மூச்சோடு ஒன்றரை மீட்டர் உயர்ந்தாலே ஆபத்துதான்.

பிறகு எப்படி எடுப்பது? மெதுவாக மூச்சை விட்டு, அடுத்த மூச்சை இழுக்கும் நேரத்தில் கிளிக் செய்யலாம். இழுக்கும்போது குமிழி வராது, மீனும் மிரளாது. அதனால், சிரமமில்லாமல் நிதானமாக மூச்சு விட உதவும் ரெகுலேட்டர் அவசியம்.

வாங்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

* மவுத்பீஸ்: இரண்டு கையிலும் கேமரா இருக்கும். பல்லை இறுக்கிக் கடிக்காமலே வாயில் நிற்க வேண்டும்.
* ஸ்விவல்: குழாய் இணையும் இடம் சுழன்றால், தலையைத் திருப்பும்போது தாடை வலிக்காது.
* அளவு: செகண்ட் ஸ்டேஜ் சிறிதாக இருந்தால் ஹவுசிங்கில் இடிக்காமல் கண்ணை அருகில் கொண்டுபோகலாம்.
* இணைப்பு: டின், யோக் என இரண்டு வகை உண்டு. நீங்கள் போகும் டைவ் சென்டரின் சிலிண்டருக்கு எது பொருந்தும், அடாப்டர் தேவையா என்று முன்பே கேளுங்கள்.
* சர்வீஸ்: உங்கள் ஊருக்கு அருகில் செய்ய முடியாத மாடலை, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், யோசித்து வாங்குங்கள்.

முடிந்தால் முதலில் வாடகைக்கு எடுத்து, பயிற்சியாளர் உடனிருக்க நீச்சல் குளத்தில் பாருங்க. அண்ணாந்து, பக்கவாட்டில், தலைகீழாக என மூன்று விதமாகவும் மூச்சு விட்டுப் பார்த்தால், குமிழி எங்கே போகுது, தண்ணீர் உள்ளே வருதா என்பது பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.