யானையும் தீனியும்

இங்கிலாந்தில் பழைய மோட்டார் வண்டி விற்பவர்களிடம் ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷாடோ ஒன்று, புதிய சிறு கார் ஒன்றின் கிரயத்துக்கோ, சில சமயம் அதற்கும் குறைவாகவோ கிடைத்துவிடும் என்று சொன்னால், அந்தப் பெயரைக் கேட்டவுடனே மகாராஜாக்களையும் கோடீஸ்வரர்களையும் நினைத்துக்கொள்ளும் நமக்கு அது நம்பத்தகுந்த சமாசாரமாகத் தோன்றாது. ஆனால் யானையை வாங்குவது வேறு, கட்டித் தீனி போடுவது வேறு என்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் அறிந்திருந்ததைப் போலவே, அந்நாட்டுப் பழைய வண்டிப் பிரியர்களும் அறிந்தே இருக்கிறார்கள். வண்டியின் விலை எவ்வளவோ இறங்கிவிட்டாலும், அதைச் செப்பனிடும் செலவு மாத்திரம் கோடீஸ்வரருக்கு உரிய செலவாகவே இன்றும் நின்றுகொண்டிருக்கிறது.

1965 அக்டோபரில் இவ்வண்டி வெளிவந்தபோது அதன் விலை சுமார் 6,500 பவுன். முதலில் சில்வர் மிஸ்ட் என்று பெயர் சூட்ட எண்ணியிருந்ததாகவும், ஜெர்மன் பாஷையில் மிஸ்ட் என்ற சொல்லுக்குச் சாணம் என்று அர்த்தம் வருவதால் அதைக் கைவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. பட்டறைக்காரரின் பில்லைக் கையில் வாங்கிய சில சொந்தக்காரர்கள், முதலில் நினைத்த பெயரே பொருத்தமானது என்று கருதியிருக்கவும் கூடும்.

அதுவரை தனிச் சட்டத்தின்மேல் கூண்டைப் பொருத்தி வந்த கம்பெனி, இந்த வண்டியில்தான் சட்டமும் கூண்டும் ஒரே உடலாக அமையும் முறையை மேற்கொண்டது. பனிக்காலத்தில் பாதைகளில் தூவும் உப்பு கதவடிப் பாகங்களையும் சக்கர வளைவுகளையும் அரிக்கத் தொடங்கினால், அரிக்கப்படுவது வெறும் அலங்காரத் தகடன்று, வண்டியைத் தாங்கும் எலும்பே. கதவுகளும் பானெட்டும் அலுமினியமாதலால் மேலே பளபளப்புக் குறையாமலிருக்க, கீழே துரு தன் காரியத்தைச் சாவதானமாக நடத்திக்கொண்டிருக்கும்.

எனினும் இவ்வண்டியின் உண்மையான உயிர்நிலை அதன் ஹைட்ராலிக் ஏற்பாட்டில் இருக்கிறது. இரண்டு டன்னுக்கு மேற்பட்ட பாரத்தை மெத்தென்று நிறுத்துவதற்கும், பின்புறம் தாழாமல் மட்டமாக வைத்திருப்பதற்கும், சித்ரோயன் என்னும் பிரெஞ்சுக் கம்பெனியிடம் அனுமதி பெற்ற முறையைத் தழுவி, எஞ்சினின் கேம்ஷாப்டினால் இயங்கும் இரு பம்புகளையும், நைட்ரஜன் வாயு அடைத்த இரு உருண்டைகளையும் வைத்தார்கள். சதுர அங்குலத்துக்கு 2,500 பவுண்டு வரையில் எட்டும் அழுத்தம் அவற்றில் சேமிக்கப்படுகிறது. அந்தப் பம்புகள் தேயாதிருக்கும் பொருட்டு, இதற்கென்றே தயாரித்த பிரேக் திரவத்தில் நம் வீட்டு ஆமணக்கெண்ணெயைக் கலந்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விவரம். அத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிற சுபாவமுடையதாதலால், காலாகாலத்தில் அதை மாற்றாத வண்டியில் குழாய்களும் வால்வுகளும் உள்ளிருந்தே அரித்துப்போகின்றன. 1980-இல் இதன் வாரிசாக வந்த சில்வர் ஸ்பிரிட்டுக்கோ கனிம எண்ணெய். அதற்குரியதை இதில் ஊற்றினாலும், இதற்குரியதை அதில் ஊற்றினாலும் ரப்பர் அடைப்புகளெல்லாம் பாழாகும். ஒரு வேலைக்காரனின் ஒரு நிமிஷக் கவனக்குறைவு, எஜமானனின் ஒரு வருஷச் சேமிப்பைத் தின்றுவிடுகிற இடம் இது.

ஓடாமல் நிற்கும் வண்டி கெடாது என்று எண்ணுவதும் தவறு. கொட்டகையில் மூடி வைத்த வண்டியின் பம்பு இறுகி, அடைப்புகள் உலர்ந்து, வாரந்தோறும் ஓடிய வண்டியைக் காட்டிலும் மோசமான நிலையை அடைந்துவிடுகிறது. என் அபிப்பிராயத்தில் இவ்வண்டிகளைக் கெடுத்தது வயதன்று. மலிவாக வாங்கி, அதே மலிவில் ஓட்டிவிடலாமென்று நினைத்த மூன்றாவது, நான்காவது சொந்தக்காரர்களே. அவர்களுக்கு நேர்மாறான ஜாதியும் உண்டு. 1957-இல் தோன்றிய ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் சங்கம், நார்த்தாம்ப்டன்ஷயரிலுள்ள தன் தலைமையகத்தில் சொந்தக்காரர்களுக்கே இயந்திரப் பாடம் நடத்துகிறது. வண்டியை வைத்திருப்பவரே சட்டைக்கையை மடித்துக்கொண்டு அதன் அடியில் படுத்துப் பழகுகிற அந்தக் காட்சி, ரோல்ஸ் ராய்ஸ் என்றால் முன்னால் ஒரு டிரைவர் இருந்தே தீரவேண்டும் என்னும் பழைய எண்ணத்துக்கு எவ்வளவு தூரம்! நாற்பது வருஷம் கடந்த வண்டிகளுக்கு வருஷாந்தரச் சோதனை கட்டாயமில்லை என்று 2018-இல் அந்நாட்டுச் சர்க்கார் சலுகை தந்துவிட்டபடியால், பரிசோதகரின் கண்ணையும் இப்போது சொந்தக்காரரே இரவல் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகையால் விஷயமறிந்தவர் வண்டி பார்க்கப் போனால், வால்நட் மரப் பலகையையும் தோல் ஆசனத்தையும் பற்றி விற்பவர் சொல்லும் வர்ணனைகளைக் காதில் வாங்கியபடியே, சற்று ஓடவிட்ட எஞ்சினை நிறுத்தி, சாவியை மாத்திரம் திருப்பி வைத்துக்கொண்டு, பிரேக்கை மெள்ள மெள்ள அழுத்தி எண்ணத் தொடங்குவார். உருண்டைகள் நல்லவையானால் நாற்பது தடவைக்கு மேலும் தாங்கும். ஏழாவது அழுத்தலிலேயே எதிரே சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால், விற்பவருடைய வர்ணனை முடிகிற வரையில் மரியாதையாகக் காத்திருந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இறங்கிக்கொள்வார்.