நிறுத்தப்புள்ளியை நீக்குதல்

மலாக்கா, டுரியான் துங்காலில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினி நிரலாக்கமும் கற்பிக்கப்படுகிறது. நிரல் எழுதக் கற்பவர், அதிலுள்ள பிழையைக் கண்டறியவும் கற்க வேண்டும். இதற்கு உதவும் மென்பொருளே பிழைநீக்கி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதிய ஜி.டி.பி. அவற்றுள் புகழ்பெற்றது.

ஓடும் நிரலை ஓரிடத்தில் நிறுத்தி ஆராய, அங்கு நிறுத்தப்புள்ளி இடப்படுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஜி.டி.பி. ஓர் எண்ணைத் தருகிறது. வேலை முடிந்தும் புள்ளியை நீக்காவிட்டால், நிரல் அவ்விடத்தை அடையும்போதெல்லாம் நின்றுவிடும்.

‘டெலீட் 2’ என்று கட்டளையிட்டால் இரண்டாம் எண் புள்ளி மட்டும் நீங்கும். எண்ணைக் குறிப்பிடாமல் ‘டெலீட்’ என்று மட்டும் இட்டால், எல்லாப் புள்ளிகளும் நீங்கிவிடும். அதனால்தான் ஜி.டி.பி. வழக்கமாக, “நீக்கலாமா?” என்று முதலில் கேட்கிறது. புள்ளியின் எண்ணுக்குப் பதிலாக நிரலின் வரி எண்ணைக் கொண்டு நீக்க, ‘கிளியர்’ என்னும் கட்டளை உதவும்.

பின்னர்த் தேவைப்படக்கூடிய புள்ளியை நீக்க வேண்டியதில்லை. ‘டிஸேபிள்’ கட்டளை அதைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்யும். ‘எனேபிள்’ மீண்டும் இயங்கச் செய்யும். நீக்கிய புள்ளியையோ புதிதாகத்தான் இட வேண்டும். ஆகவே, நீக்குவதற்கு முன் புள்ளிகளின் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்வதே சிறந்த பழக்கமாகும்.