நோய் போன பின் தொடங்கும் வேலை

2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டிருந்தார். அறிவிப்பு வந்த மூன்றே மாதங்களில், நாட்டில் அதுவரை காணப்படாத அனோபிலிஸ் ஸ்டீபென்சி நுளம்பு மன்னார்த் தீவில் அகப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பிவரும் இனம் இது. இலங்கையில் முன்பு நோயைப் பரப்பிய நுளம்பு ஆறு வற்றும்போது எஞ்சும் குட்டைகளில் பெருகியது. புதியதோ கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் முட்டையிடும். மணற்பாங்கான மன்னாரில் வளவுக் கிணறுகளுக்குக் குறைவில்லை என்பதால் சுகாதாரப் பணி வீட்டு வாசலுக்கே வர வேண்டியதாயிற்று.

வேலை எளிமையானதுதான். சுகாதார ஊழியர்கள் கிணற்றில் வாளியை இறக்கி, மொண்ட நீரை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்ப்பார்கள். டெங்கு நுளம்பின் குடம்பி நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கும். அனோபிலிஸ் குடம்பி மட்டத்தோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கும். வெப்பமான காலநிலையில் முட்டை நுளம்பாகிப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். எனவே ஒருமுறை பார்த்துவிட்டுப் போவதால் பயனில்லை. திரும்பத் திரும்ப வர வேண்டும்.

நோயாளியே இல்லாத ஊரில் இவ்வளவு செலவு எதற்கு, அந்தப் பணத்தை டெங்குக்குக் கொடுக்கலாமே என்பது நியாயமான கேள்வி. ஆனால் இதே கணக்கை இந்நாடு முன்பே போட்டுப் பார்த்திருக்கிறது. 1963இல் நாடு முழுவதற்கும் 17 மலேரியா நோயாளிகளே இருந்தார்கள். மருந்தடிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. ஆபிரிக்காவின் ஜிபூட்டியில் இதே ஸ்டீபென்சி 2012இல் கண்டறியப்பட்டபோது ஆண்டுக்கு முப்பதுக்கும் குறைவான நோயாளிகள். 2020இல் எழுபதாயிரத்துக்கும் மேல். புகையடித்தால் போதாதா என்றால், புகை பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும், கிணற்றுக்குள் இருக்கும் குடம்பியைத் தொடாது. பல நாடுகளில் இந்த இனம் வழக்கமான பூச்சிகொல்லிகளுக்கு ஈடுகொடுக்கவும் பழகிவிட்டது. குடம்பியை ஒழிக்கக் குடிக்கும் கிணற்றில் மீன் விடுவதா என்று தயங்குவோரின் கவலையும் தள்ளத்தக்கதல்ல. குடிநீர்க் கிணற்றை நுண்வலையால் இறுக மூடலாம். குளிக்கவும் தோட்டத்துக்கும் பயன்படும் கிணறுகளில் குடம்பி தின்னும் கப்பி மீன் விடலாம். பாவிக்காத கிணற்றைத் தூர்த்துவிடலாம்.

நுளம்பு மட்டும் மலேரியாவைக் கொண்டுவராது. கிருமி மனித இரத்தத்தில் வந்தால்தான் தொற்றுச் சங்கிலி உருவாகும். 2018 டிசம்பரில் மொனராகலை மாவட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூரவர் ஒருவருக்குத் தொற்றியதும் அப்படித்தான். உடனே கண்டுபிடித்ததால் அது பரவவில்லை. இராமேஸ்வரம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் மன்னாரிலும், பயணத்துக்குப் பின் வரும் காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனை செய்வது கிணறு பார்ப்பதற்கு ஈடான காவல். பயணம் போனவரைக் குற்றவாளியாகப் பார்த்தால் அவர் காய்ச்சலை மறைப்பார். காவல் அங்கேயே உடையும். ஆகவே சுகாதார ஊழியரின் வேலையை நோயாளிகளின் எண்ணிக்கையால் அளந்து ஆளையும் பணத்தையும் குறைக்கக் கூடாது. எத்தனை கிணறு பார்த்தார்கள், எத்தனை காய்ச்சலுக்கு இரத்தம் சோதித்தார்கள் என்பதே சரியான அளவுகோல்.