உடைந்த ஹீட்டர் பிளக்கும் இறக்கத்தில் உருளும் லொறியும்



திருகோணமலைப் பக்கம் லொறி வேலைக்குப் போயிருக்கும் நம்ம பிள்ளைகள் கொஞ்ச நஞ்சம் பேரல்ல. துறைமுகத்தைச் சுற்றி பிறீமா மா ஆலை இருக்கிறது, டோக்கியோ சீமெந்து ஆலை இருக்கிறது, மீன் வாடிகள் இருக்கின்றன. அங்கே பாரம் ஏற்றி கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று ஏறி நம்ம மலைக்கு வந்து சேரும் லொறிகளில் டிரைவராகவும் கிளீனராகவும் நம்ம ஆட்கள் இருக்கிறார்கள். கராஜில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வேலை பழகும் பையன்களும் இருக்கிறார்கள். இந்த மாதக் கட்டுரை அவர்களுக்கும், அவர்களை வேலைக்கு அனுப்பிவிட்டு லயத்தில் காத்திருக்கும் வீட்டாருக்கும்.

விசயம் ஒரு சின்னச் சாமான். பென்சில் நீளம்கூட இராது. பெட்டியில் 'குளோ பிளக்' என்று எழுதியிருக்கும், கராஜில் 'ஹீட்டர் பிளக்' என்பார்கள். அது வேலை செய்யாவிட்டால் விடியற்காலை லொறி ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆகாத லொறியை மலைநாட்டில் என்ன செய்கிறோம்? இறக்கத்தில் உருட்டி கியரைப் போடுகிறோம். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. எல்ஃப், கென்டர் போன்ற லொறிகளில் பிரேக்குக்குத் துணை செய்கிற வெக்கியூம் எஞ்சின் ஓடினால்தான் உண்டாகும். நிறுத்தி வைத்த லொறியில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்கே சரி. அதற்குள் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பெடல் கல்லுப் போல நிற்கும், லொறி போய்க்கொண்டே இருக்கும். பின்னால் கொழுந்துச் சாக்கோடு ஆட்களும் இருந்தால் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. லொறியை உருட்டும்போது ஆட்களை ஏற்றாதீர்கள், ஏறச் சொன்னாலும் ஏறாதீர்கள்.

இனி அந்தப் பிளக் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பெற்றோல் எஞ்சினில் நெருப்புப் பொறி கொடுக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. பிஸ்டன் காற்றை இருபதில் ஒரு பங்காக நெருக்கும்போது அந்தக் காற்றே கொதித்துவிடும், அதில் டீசலைத் தெளித்தால் தானாகப் பற்றும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பக்கம் சுடுவதைத் தொட்டிருப்பீர்கள், அதே சங்கதிதான். ருடோல்ஃப் டீசல் என்ற ஜெர்மன்காரர் 1890களில் செய்து காட்டியது இது. ஆனால் இரும்பு குளிர்ந்து கிடந்தால் நெருக்கிய காற்றின் சூட்டை அந்த இரும்பே குடித்துவிடும். பழைய ஜப்பான் லொறிகள் பலவற்றில் ஹெட்டுக்குள்ளே ஒரு சின்ன அறை இருக்கிறது, டீசல் முதலில் அங்கேதான் தெளிக்கப்படும். அந்த அறைச் சுவர் சூட்டை இன்னும் அதிகமாகக் குடிக்கும். அதனால் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியை பற்றரியால் 800, 900 பாகை வரை பழுக்கவைத்து உதவுகிறார்கள். அதுதான் ஹீட்டர் பிளக். சிலிண்டருக்கு ஒன்று. பழைய பெரிய லேலண்ட் எஞ்சின்களில் அந்த அறையும் இல்லை, பிளக்கும் இல்லை. 'எங்கப்பா லேலண்ட் ஓட்டினாரு, பிளக்கே கிடையாது, நல்லாத்தானே ஓடிச்சு' என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

திருகோணமலைக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. திருகோணமலை டவுனில் விடியற்காலையில்கூட 24, 25 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அந்தச் சூட்டில் நான்கு பிளக்கில் இரண்டு செத்திருந்தாலும் எஞ்சின் கொஞ்சம் இருமிவிட்டு ஸ்டார்ட் ஆகிவிடும். ஆகவே யாரும் பிளக்கைக் கவனிப்பதில்லை, வருசக் கணக்காகக் கழற்றுவதும் இல்லை. அந்த வருசங்களில் உள்ளே கரி இறுகுகிறது, வெளியே கடற்காற்றின் உப்பு மரையைத் துருப்பிடிக்க வைக்கிறது. ஒருநாள் அதே லொறி நுவரெலியாவுக்கு ஏறுகிறது. ஊர் கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரம். தை மாதத்தில் புல்லில் உறைபனி விழும் இடம். காற்றும் கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிசு, நெருக்கினாலும் சூடு குறைவு. காலை ஐந்து மணிக்கு எஞ்சின் சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது, பிடிக்கவில்லை. டிரைவர் தம்பி அவசரத்தில் ஸ்பேனரை எடுக்கிறார். குளிர்ந்த எஞ்சின், துருப்பிடித்த மரை, கோபம் வேறு. பிளக் மடக்கென்று உடைகிறது.

எவ்வளவு பலத்தில் உடையும் தெரியுமா? 10 மில்லிமீற்றர் மரை உள்ள பிளக்குக்கு 35 நியூட்டன் மீற்றருக்கு மேல் போகக்கூடாது என்பது பிளக் செய்பவர்கள் கொடுக்கும் கணக்கு. இதை நம்ம பாசையில் சொல்கிறேன். ஒரு நாள் பேருக்கு எடுக்கிற 18 கிலோ கொழுந்தை எட்டு அங்குல ஸ்பேனரின் நுனியில் தொங்கவிட்டால் என்ன பாரமோ, அவ்வளவுதான். ஸ்பேனரில் குழாயைச் செருகி நீளமாக்கினால் நாலைந்து கிலோவே போதும், சிறு பிள்ளைகூட உடைத்துவிடும். 8 மில்லிமீற்றர் மரை என்றால் இன்னும் குறைவு, 20 நியூட்டன் மீற்றரே எல்லை.

ஆகவே முதல் வேலை கழற்றுவதல்ல, சோதிப்பது. எல்லாப் பிளக்குக்கும் கரண்ட் கொடுக்கும் தகட்டைக் கழற்றுங்கள். ஒரு சோதனை பல்பின் ஒரு வயரை பற்றரியின் பிளஸில் பிடித்து, மற்றதைப் பிளக்கின் தலையில் தொடுங்கள். பல்ப் எரிந்தால் உள்ளே சுருள் அறுபடவில்லை, எரியாவிட்டால் செத்துவிட்டது. மீற்றர் இருந்தால் நல்ல பிளக் ஏறக்குறைய ஒரு ஓம் காட்டும். நான்கும் நல்லது என்றால் பியூஸ், ரிலே, வயர் ஆகியவற்றைப் பாருங்கள், பல தடவை குற்றம் அங்கேதான் இருக்கும். நல்ல பிளக்கைக் கழற்றப் போய் உடைத்துக்கொள்வதைப் போன்ற வீண் நட்டம் வேறில்லை.

செத்த பிளக்கைக் கழற்றத்தான் வேண்டும் என்றால் அதை மலையில் செய்யாதீர்கள், காலையிலும் செய்யாதீர்கள். கழற்றுவதற்கு இரண்டு மூன்று நாளுக்கு முன்பிருந்தே மரையின் அடியில் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள், ராவைக்கு ஒருதரம் விட்டால் போதும். மண், தூசியை முதலில் காற்றடித்துத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதெல்லாம் உள்ளே விழும். பிறகு லொறியை ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். சூட்டில் ஹெட் விரியும், கரியும் இளகும். பற்றரியின் எர்த்தைக் கழற்றிவிட்டு, ஆழமான சொக்கெட்டை நேராகப் பொருத்தி மெதுவாகக் கொடுங்கள். கால் சுற்று இளகினால் அரைக்கால் சுற்றுத் திரும்ப இறுக்குங்கள், மறுபடி இளக்குங்கள். இளகாவிட்டால் நிறுத்துங்கள், எண்ணெய் விடுங்கள், நாளைக்குப் பாருங்கள். டோர்க் ரெஞ்ச் உள்ள கராஜ் என்றால் எல்லையை வைத்துக்கொண்டு செய்யச் சொல்லலாம். சில பாஸ்மார் 'என் கைக்கே தெரியும்' என்பார்கள். சிலருக்கு உண்மையிலேயே தெரியும். ஆனால் உடைந்த பிறகு காசு கொடுப்பது லொறிக்காரர்தான், கை அல்ல.

அவ்வளவு பார்த்தும் உடைந்துவிட்டால்? உடைவதில் மூன்று வகை உண்டு, வைத்தியமும் வேறு வேறு.

மேலே உள்ள ஆறுபக்கத் தலை மட்டும் அறுந்து, மரை உடம்பு ஹெட்டிலேயே நின்றுவிடுவது ஒன்று. நடுவிலுள்ள கம்பியைக் குறட்டால் பிடித்து இழுத்தால் பல சமயம் வந்துவிடும், அந்தத் துளையே ட்ரில்லுக்கு வழி காட்டும். இங்கே 'ஈஸி அவுட்' என்ற இடக்கை மரைக் கூம்பை அடித்து இறக்கித் திருப்புவது வழக்கம். எனக்கு அது பிடிக்காது. மெல்லிய உடம்பை அது உள்ளிருந்து விரித்து இன்னும் இறுக்கிவிடும். அதுவும் உடைந்தால் அதன் இரும்பு கடினம், சாதாரண ட்ரில் இறங்காது. சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். ஆள் கெட்டிக்காரர் என்றால், எட்டக்கூடிய இடமாக இருந்தால், மிச்ச உடம்பின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பிடித்துத் திருப்பலாம். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். அல்லது நேராகப் பிடிக்க ஒரு குழல் வைத்து, சின்ன ட்ரில்லில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கி, உடம்பை மெலிய வைத்து எடுக்க வேண்டும். கோணலாக இறங்கினால் ஹெட்டின் மரை போய்விடும்.

இரண்டாவது வகையில் மரை சுகமாகக் கழன்று வரும், கீழேயுள்ள பென்சில் பகுதி கரியில் ஒட்டிக்கொண்டு துளையில் நின்றுவிடும். அதைக் கீழே தட்டி இறக்கிவிடலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். நடுவில் சின்னத் துளை போட்டு, டெப்பால் மரை வெட்டி, ஒரு போல்ட்டைத் திருகி மேலே இழுக்க வேண்டும். கம்பியில் ஓடும் பாரத்தால் தட்டி இழுக்கும் கருவி இதற்கென்றே இருக்கிறது. நுனி ஊதிப் பருத்திருந்தால் துளை வழியே வராது, அப்போது ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். நுனி ஏன் பருக்கிறது? பெரும்பாலும் தவறான வோல்ட். 24 வோல்ட் லொறிக்கு 12 வோல்ட் பிளக் போட்டால் கொஞ்ச நேரத்தில் எரிந்து வீங்கிவிடும். ரிலே ஒட்டிக்கொண்டு கரண்ட் நிற்காமல் போனாலும் இதே கதிதான்.

இந்த இரண்டு வகையிலும் ட்ரில் போடும்போது இரும்புச் சீவல் உள்ளே விழுவதுதான் பயம். ட்ரில் நுனியில் கிறீஸ் பூசினால் சீவல் அதில் ஒட்டும். அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி பூச வேண்டும். நொசிலைக் கழற்றி அந்த ஓட்டையால் காற்றுக் கொடுத்துக்கொண்டே ட்ரில் போட்டால் சீவல் மேலே பறந்து வரும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், பக்கத்தில் நின்று டோர்ச் பிடிக்கிற பையனுக்கும் போடுங்கள்.

மூன்றாவது வகைதான் மோசம். நுனி உடைந்து எஞ்சினுக்குள் விழுந்துவிடுவது. அப்போது ஒரே ஒரு சட்டம்: எஞ்சினைச் சுற்றக்கூடாது, சாவியைத் தொடக்கூடாது. பிஸ்டன் மேலே வரும்போது அதற்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற இடம் ஒரு மில்லிமீற்றர் அளவுதான். அந்த இடத்தில் ஒரு இரும்புத் துண்டு அகப்பட்டால் பிஸ்டன் தலை கொத்துப்படும், வால்வு வளையும். 'சின்னத் துண்டுதானே, சைலன்சரால போயிரும்' என்று சொல்லி ஓட விடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த ஒரு தம்பிக்கு அப்படிச் சொல்லி அனுப்பினார்கள். கந்தளாய் தாண்டுமுன் எஞ்சின் தட்ட ஆரம்பித்தது. ஒரு பிளக்கோடு போயிருக்க வேண்டிய செலவு பிஸ்டன், லைனர், ஹெட் என்று ஏறியது. நொசிலைக் கழற்றி வெளிச்சம் விட்டுப் பாருங்கள். துண்டு ஹெட்டிலுள்ள சின்ன அறையிலேயே நின்றிருந்தால் காந்தக் கம்பியாலோ உறிஞ்சும் குழாயாலோ எடுக்கலாம். காணவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றுங்கள். கெஸ்கட் செலவு கசக்கும், ஆனாலும் அது புது எஞ்சின் விலையல்ல. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் திறந்தது. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு விலையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பழைய லொறியைக் காப்பாற்றத்தான் வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிளக் இல்லாமல் சமாளிக்க சில பேர் காற்று உறிஞ்சும் வாயில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். அது ஈதர், டீசலைவிடக் குறைந்த சூட்டில் பற்றும். ஒரு பிளக் செத்து மற்ற மூன்றும் பழுத்து நிற்கும்போது அதை அடித்தால் நேரம் வருவதற்கு முன்பே வெடிக்கும். பிஸ்டன் வளையம் உடையும், குழாய் வழியாகத் தீ முகத்துக்கு வரலாம். மண்ணெண்ணெய்த் துணியைக் கொளுத்திப் பிடிப்பதும் அப்படித்தான், பக்கத்தில் டீசல் டேங்க் இருக்கிறது.

புதுப் பிளக் போடுவதற்கு முன் துளையிலுள்ள கரியைச் சுரண்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவையும் இதே கதை. எஞ்சின் ஆறிய பிறகு, மரையில் மட்டும் சூடு தாங்கும் கிறீஸைக் கொஞ்சம் தொட்டு, முதலில் விரலாலேயே திருகுங்கள். 10 மில்லிமீற்றர் மரைக்கு 15 நியூட்டன் மீற்றர் அளவு இறுக்கினால் போதும், அதாவது அந்த எட்டு அங்குல ஸ்பேனரின் நுனியில் ஏழெட்டு கிலோ. பழைய பிளக்கில் எழுதியிருக்கும் வோல்ட்டும் புதியதில் உள்ளதும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். வேலை முடிந்ததும் உடைந்த துண்டுகளையெல்லாம் கராஜில் கேட்டு வாங்கி, ஒரு கடதாசியில் வரிசையாக வைத்து, புதுப் பிளக்கின் பக்கத்தில் நீளம் பாருங்கள். நீளம் குறைந்தால் மிச்சத் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அது கையில் கிடைக்கும் வரைக்கும் சாவியைப் போட விடாதீர்கள்.