மும்பையில் ஒரு நாள்: கிழக்கே தொடங்கி மேற்கே முடிப்போம்

விடுமுறைக் காலம் நெருங்கும்போது, பயணச் செலவுக்குப் பணம் எடுக்கவும் அட்டையின் வரம்பை மாற்றவும் வரும் வாடிக்கையாளர்கள் பேச்சுவாக்கில் எங்களிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "மும்பையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எதைப் பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம்?" அந்நகரில் சில ஆண்டுகள் பணியாற்றியவர்கள் என்ற முறையில் இதற்கு விடை கூறலாம். ஆனால் அவ்விடையை நாங்கள் ஒரு தவற்றின் வழியாகவே கற்றோம்.

பணிமாற்றம் பெற்று அங்குச் சென்ற முதல் ஆண்டில் ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தனர். ஒரே நாளில் ஒன்பது இடங்களைக் காட்டுவது எனப் பட்டியல் எழுதி, வாடகைக் கார் அமர்த்தினோம். ஜுஹுவில் தொடங்கிய பயணம் சாலை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து மரைன் டிரைவை அடைந்தபோது இருட்டிவிட்டது. "கடலைக் கண்ணாரப் பார்க்கலாம்னு வந்தேன், நாள் முழுக்கக் கார்க் கண்ணாடியைத்தான் பார்த்தேன்" என்றார் தாயார். மறுமுறை அவ்வளவு தொலைவு பயணம் செய்ய அவரது உடல்நிலை இடங்கொடுக்கவில்லை. செலவழித்த பணத்தை மீண்டும் ஈட்டிவிடலாம். வயது முதிர்ந்தவர்களுடன் கழிக்கும் ஒரு நாளை அவ்வாறு மீட்க இயலாது. திட்டமிடல் அதனாலேயே தேவையாகிறது.

முதலில் நகரின் அமைப்பை மனத்தில் கொள்ள வேண்டும். தென்மும்பை கடலுக்குள் நீளும் ஒடுங்கிய நிலப்பகுதி. கிழக்கே துறைமுகமும் இந்தியா நுழைவாயிலும், மேற்கே அரபிக் கடலும் மரைன் டிரைவும் உள்ளன. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவே. எனவே காலையைக் கிழக்குக் கரையிலும், நண்பகலை நடுவிலும், மாலையை மேற்குக் கரையிலும் கழித்தால், கதிரவன் போகும் வழியிலேயே நாமும் போகலாம். அலைச்சல் குறையும். ஜுஹு, பாந்த்ரா போன்ற வடபகுதி இடங்களை மற்றொரு நாளுக்கு ஒத்திவைப்பதே நலம்.

இரண்டாவது, மக்கள் கூட்டத்தின் திசை. அலுவலக நாள்களில் காலையில் மின்தொடர் வண்டிகள் தெற்கு நோக்கியும், மாலையில் வடக்கு நோக்கியும் நிரம்பி வழியும். புறநகரில் தங்குவோர் காலை எட்டு மணிக்குள் தெற்கே சென்றடைந்து, இரவு எட்டரை மணிக்குப் பின் திரும்புதல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புப் பணிக்காக இருப்புப்பாதையின் சில பகுதிகளில் சேவை குறைக்கப்படும். திங்கட்கிழமையோ எலிபெண்டா குகைகளுக்கு விடுமுறை. ஆகவே செவ்வாய் முதல் சனி வரையிலான ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

நாளை இவ்வாறு அமைக்கலாம். 1888இல் கட்டி முடிக்கப்பட்டு, 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் முனையத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு, சிற்றுண்டிக்கு ஓர் இரானி உணவகத்தை நாடுங்கள். 1904 முதல் நடைபெற்றுவரும் கயானி அருகிலேயே உள்ளது. வெண்ணெய் தடவிய பன்னும் கெட்டியான தேநீரும் செலவு குறைந்த, நிறைவான தொடக்கம்.

அடுத்து, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911ஆம் ஆண்டு வருகையின் நினைவாக எழுப்பப்பட்டு 1924இல் நிறைவுற்ற இந்தியா நுழைவாயில். ஒன்பது மணியளவில் அங்கிருந்து எலிபெண்டாவுக்குப் படகு ஏறலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். கரையிலிருந்து படிக்கட்டின் அடிவரை சிறு ரயில் செல்கிறது. அதன் பின் ஏறத்தாழ 120 படிகள். ஏற இயலாத முதியோருக்குத் தூக்கு நாற்காலி கிடைக்கும், கூலியை முன்னரே பேசிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஆறு மீட்டர் உயரமுள்ள மும்முகச் சிவன் சிற்பத்தின் முன் நின்றால் ஏறிய களைப்பு மறந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலமாதலால், கடல் கொந்தளிக்கும் நாள்களில் படகுகள் நிறுத்தப்படும். அப்போது குகைகளை விடுத்து அருங்காட்சியகத்திற்குக் கூடுதல் நேரம் ஒதுக்கலாம்.

பிற்பகல் ஒன்றரை மணியளவில் உணவு. பாலார்டு எஸ்டேட்டில் 1923இல் தொடங்கப்பட்ட பிரிட்டானியாவின் பெர்ரி புலாவ் பார்சிச் சமையலுக்குப் பெயர்பெற்றது. கோட்டைப் பகுதியில் மால்வணி மீன் சாப்பாடும், சைவர்களுக்குக் குஜராத்தித் தாளியும் கிடைக்கும். வெயில் உச்சத்தில் இருக்கும் இரண்டு மணி நேரத்தைச் சத்ரபதி சிவாஜி மகராஜ் வாஸ்து சங்க்ரகாலயா அருங்காட்சியகத்தில் கழிப்பது இதமாக இருக்கும். ஐந்தரை மணிக்கு மரைன் டிரைவ். அங்கே ஒன்றும் செய்ய வேண்டாம். கடலைப் பார்த்தபடி சுவரில் அமர்ந்திருந்தால் போதும். இருட்டியபின் கிர்காம் சௌபாட்டியில் பேல்பூரி. நம்மூர்ச் சாப்பாட்டுக்கு ஏங்குவோர் சர்ச்கேட்டிலிருந்து மெதுவண்டியில் மாட்டுங்கா ரோடு சென்றால், தமிழர் நெடுங்காலமாக வாழும் மாட்டுங்காவில் இட்லியும் வடிகட்டிய காப்பியும் காத்திருக்கும்.

போக்குவரத்தில் ஒரு குறிப்பு: தென்மும்பையில் ஆட்டோக்கள் ஓடுவதில்லை. கறுப்பு மஞ்சள் டாக்சியில் ஏறும்போது மீட்டரைப் போடச் சொல்லுங்கள்.

இனி, எங்கள் தொழில் சார்ந்த சில சொற்கள். பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். சேமிப்பு முழுவதும் உள்ள கணக்கைக் கைப்பேசிச் செயலியுடன் இணைப்பதைவிட, பயணத் தொகையை மட்டும் வேறொரு கணக்கில் வைத்து அதை இணைப்பது பாதுகாப்பானது. படகிலும் தீவிலும் இணைய இணைப்பை நம்ப இயலாது. பழைய உணவகங்கள் சிலவற்றில் ரொக்கமே செல்லும். எனவே சில்லறை நோட்டுகள் தேவை. தொடுமுறை அட்டைகளில் 5,000 ரூபாய் வரை இரகசிய எண்ணின்றியே செலுத்த முடியும் என்பதால், அவ்வசதி தேவையில்லையெனில் புறப்படுமுன் செயலியில் நிறுத்திவையுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. "முன்பணத்தைத் திருப்பித் தருகிறோம், எண்ணை இடுங்கள்" என எவர் கூறினாலும் இணைப்பைத் துண்டியுங்கள். ஏமாற நேர்ந்தால் வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள். உணவக ரசீதில் சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டிருந்தால் அது கட்டாயமன்று. நீக்குமாறு கேட்க உங்களுக்கு உரிமையுண்டு.

இறுதியாக ஒன்று. கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைப்பதைப் போல, பயண நாளிலும் ஒரு மணி நேரத்தை எதற்கும் ஒதுக்காமல் இருப்பில் வையுங்கள். படகு தாமதித்தாலோ, உடன் வந்த முதியவர் சற்று உட்கார விரும்பினாலோ அது கைகொடுக்கும். எதுவும் நேராவிடில், அந்த ஒரு மணி நேரத்தையும் கடற்கரைச் சுவரில் அவர் அருகிலேயே அமர்ந்து செலவிடுங்கள்.